பம்பு ஷாப்டும் கடைசல் நேர்த்தியும்

(பூரணாங்குப்பத்தில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



கிளாண்டு வைத்த பம்புகளில், புதுக் கயிறு சுற்றிய சில நாட்களிலேயே நீர் ஒழுகுகிறது என்னும் குறை அடிக்கடி காதில் விழுகிறது. பழி கயிற்றின் மேல் போடப்படுகிறது. பல வேளைகளில் குற்றம் கயிற்றினுடையதன்று. அது சுற்றியிருக்கும் ஷாப்டினுடையது. கடலை அடுத்த இப்பகுதியில் உப்பும் மணலும் ஷாப்டை அரிக்கின்றன. வெல்டிங் வைத்து, லேத்துப் பட்டறையில் மீண்டும் கடைந்து வாங்குகிறோம். அக்கடைசல் எப்படி நடந்தது என்று எவரும் கேட்பதில்லை.

லேத்தில் ஷாப்டு சுழல, உளி அதன் நெடுக மெல்ல நகர்கிறது. ஆதலின் உளி விட்டுச் செல்வது மரையைப் போன்ற மிக நுண்ணிய சாலேயாகும். உழும்பொழுது சாலுக்குச் சால் இடைவெளி மிகுந்தால் நடுவே மேடு நிற்பதைத் தாங்கள் அறிவீர்கள். இங்கும் அவ்வாறே. உளி முனையின் வளைவு 0.8 மி.மீ. ஆரம் உடையது என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு உளி 0.2 மி.மீ. நகர்ந்தால், கணக்குப்படி மேட்டின் உயரம் 6 மைக்ரானுக்குச் சற்று மேல். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நகர்வை 0.1 மி.மீ. ஆக்கினால் மேடு ஏறத்தாழ ஒன்றரை மைக்ரானாகும். நகர்வு பாதி, மேடு கால் பங்கு! வேலை நேரமோ இருமடங்கு. அவசரப் பட்டறைகள் இதற்கு இசையாமைக்குக் காரணம் அதுவே. அந்த மேடுகளே அரம்போல் கயிற்றைத் தின்கின்றன.

சுழலும் வேகமும் கவனிக்கத்தக்கது. 30 மி.மீ. ஷாப்டை நிமிடத்திற்கு 100 சுற்றில் கடைந்தால், உளியின் முன் உலோகம் நிமிடத்திற்கு ஒன்பது மீட்டரளவே ஓடும். இவ்வளவு மெதுவாகக் கடைகையில் இரும்புத் துணுக்கு உளி முனையில் ஒட்டி, பின் பெயர்ந்து பரப்பில் அப்பி வடுவாகும். கார்பைடு உளியாயின் 1000 சுற்று வரை செல்லலாம். சாதாரண உளியாயின் 300 சுற்றளவில் நிறுத்தி, எண்ணெய் கலந்த நீரைத் தாராளமாக விட வேண்டும். வெட்டின் ஆழம் நேர்த்தியை அவ்வளவாகக் கெடுப்பதில்லை, அதிர்வு கெடுக்கும். நீண்ட ஷாப்டின் மறுமுனையைச் சென்டர் கொடுத்துத் தாங்குவது இதன் பொருட்டே.

கடைந்த வடுவை உப்புத்தாளால் மினுக்கிக் கொடுப்பதை நான் ஒப்புவதில்லை. பளபளப்பு வரும், ஆழ்ந்த சால் அப்படியே கிடக்கும். கோவை ஆலைகளில் ஷாப்டைக் கடைந்த பின் சாணை இயந்திரத்தில் இழைப்பது வழக்கம். அவ்வசதி இல்லாத பட்டறையில், இறுதி ஓட்டம் சுற்றுக்கு 0.1 மி.மீ.க்கு மேற்படலாகாது என்று ஷாப்டை ஒப்படைக்கும்பொழுதே சொல்லிவிடுங்கள். அளவு வந்தபின் சொன்னால் மீண்டும் கடைய உலோகம் மிஞ்சாது. கூடுதல் நேரத்திற்குரிய கூலியைக் கொடுக்கத் தயங்க வேண்டா. பஞ்சாயத்தின் குடிநீர்ப் பம்புப் பழுதுவேலை ஒப்பந்தத்திலும் இவ்வொரு வரியை எழுதலாம்.

ஷாப்டை வாங்கும்பொழுது நகத்தால் நெடுக வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பூட்டிய பின் கிளாண்டை ஒரேயடியாக முறுக்காமல், நீர் சொட்டுச் சொட்டாகக் கசியும்படி விட்டு வையுங்கள். அந்தக் கசிவே ஷாப்டையும் கயிற்றையும் குளிர்விக்கிறது.