உங்க கால்குலேட்டர் தேர்வு ஹாலுக்குள்ள போகுமா?

இந்த வாரம் பாபநாசத்துல, எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து பேசுறேன். நடுவுல குரங்குச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க.

சித்தி பையன் இன்ஜினியரிங் முடிச்சிட்டு சி.எஃப்.ஏ. லெவல் 1-க்குப் படிக்கிறான். நேத்து கேட்டான்: "எங்கிட்டதான் காசியோ எஃப்எக்ஸ் 991 இருக்கே, அது போதும்லாண்ணே?"

போதாது. அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

அதே 991-ஐ எடுத்துக்கிட்டு நாலு தேர்வுக்குப் போறீங்கன்னு வைங்க. அமெரிக்காவோட எஃப்.இ. இன்ஜினியரிங் தேர்வுல, பெயர்ல எஃப்எக்ஸ் 991 இருக்கிற மாடலை உள்ள விடுவாங்க. கேட் தேர்வுல எந்தக் கால்குலேட்டருக்கும் அனுமதி இல்லை. திரையிலேயே ஒண்ணு இருக்கும், மவுஸால அழுத்தணும். சி.ஏ. தேர்வுல சாதாரணக் கால்குலேட்டர்தான்: 12 இலக்கம், 6 செயல்பாடுகளுக்கு மேல போகக் கூடாது. சி.எஃப்.ஏ.-ல ரெண்டே குடும்பம்: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிஏ 2 பிளஸ், இல்லன்னா எச்பி 12சி. வேற எதையாவது பயன்படுத்தினா, தேர்வு முடிவே ரத்தாகலாம். கட்டின ஃபீஸ், படிச்ச மாசங்கள் எல்லாம் அதோட போச்சு.

சரி, ரெண்டுல எது? எச்பி 12சி 1981-ல வந்தது. ஒரிஜினல் 12சி-ல 'சமம்' பட்டனே கிடையாது. 2, என்டர், 3, அப்புறம் பிளஸ். பழகினவங்க அதை விட மாட்டாங்க. ஆனா 991-ல கை பழகின நமக்கு பிஏ 2 பிளஸ்தான் சுலபம்.

சுலபம்னு சொன்னேனே தவிர, அதுலயும் ரெண்டு பொறி இருக்கு.

முதல் பொறி: 2 + 3 × 4 போட்டுப் பாருங்க. 991-ல 14 வரும். புது பிஏ 2 பிளஸ்ல 20 வரும். அது வரிசையா கணக்கு போடுற 'செயின்' முறையில இருக்கும். செகண்ட், ஃபார்மட் அழுத்தி, கீழ் அம்பு நாலு தடவை, அப்புறம் செகண்ட், செட். 'ஏஓஎஸ்' வந்துரும். ரீசெட் பண்ணா பழையபடி செயினுக்கே போயிரும், ஞாபகம் வைங்க.

ரெண்டாவது பொறியில தம்பியே விழுந்தான். ஆபீஸ் நண்பர்கிட்ட வாங்கிட்டு வந்த பிஏ 2 பிளஸைக் கையில கொடுத்து, "ஒரு லட்சம், 8 சதவீதம், 5 வருஷம், கூட்டு வட்டி"ன்னேன். வர வேண்டியது 1,46,932 ரூபாய். அவனுக்கு வந்தது 1,03,378. "பட்டன்லாம் சரியாத்தான் அழுத்தினேன்"ங்கிறான். உண்மைதான். நண்பர் மாசத் தவணைக் கணக்கு போட்டுட்டு, 'பி பை ஒய்' செட்டிங்கை 12-லயே விட்டிருக்கார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் அது மாறாது. கணக்கைக் கிளியர் பண்ணாலும் மாறாது. 'எரர்'னு காட்டவும் காட்டாது. கோட் எழுதுறவங்களுக்குத் தெரியும், எரர் காட்டாத பக்தான் ரொம்ப மோசம்.

அதனால என் ஆலோசனை இதுதான். கால்குலேட்டரை ஹால் டிக்கெட் வந்த பிறகு வாங்காதீங்க; புத்தகம் திறக்கிற அன்னைக்கே வாங்குங்க. வாங்கும் முன்னாடி தேர்வு நடத்துறவங்களோட பட்டியலை நீங்களே பாருங்க, சீனியர் சொன்னார்னு போகாதீங்க. மாடல் பெயரை எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. முதல் கணக்குல இருந்து கடைசி மாதிரித் தேர்வு வரைக்கும் அதே ஒண்ணுலதான் போடணும். கடன் வாங்கினதா இருந்தா, முதல்ல செட்டிங்கைப் பாருங்க.

தம்பி ராத்திரியே புதுசு ஒண்ணு ஆர்டர் போட்டுட்டான். 991-ஐ இன்னும் தூக்கிப் போடல. போட வேண்டாம்லே, வீட்டுல இருக்கட்டும். தேர்வுக்கு மட்டும் எடுத்துட்டுப் போயிராத.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.