கிளி ஜோசியமும் செல்போன் ஜோசியமும்

(திண்டிவனம் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசப் போவது ஜோசியத்தைப் பற்றி என்று தலைவர் சொன்னதும், "இது எத்தனையோ தரம் பேசித் தீர்த்த சங்கதியாயிற்றே" என்று சில தோழர்கள் முகத்தைத் திருப்பியதைப் பார்த்தோம். பழைய ஜோசியத்தைப் பொறுத்தவரையில் அது வாஸ்தவந்தான். நாம் சொல்ல வந்தது செல்போனுக்குள் புகுந்திருக்கும் புது ஜோசியத்தைப் பற்றியாகும்.

நம் வாலிபத் தோழர்களிடையே இப்போது ஒரு விளையாட்டு பரவியிருக்கிறது. முகநூலில் தாங்கள் எழுதியவை, போட்ட படங்கள், பிறர் பதிவுகளுக்கு இட்ட விருப்பக் குறிகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரு செயலியிடம் காட்டி, "நான் எப்படிப்பட்டவன், சொல்" என்று கேட்கிறார்கள். அது உடனே கொஞ்சம் கேலியும் கொஞ்சம் புகழ்ச்சியுமாக ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறது. அதைப் பத்துப் பேருக்குக் காட்டிச் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகு அதை நம்பிவிடுகிறார்களே, அதைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

சென்ற வாரம் விழுப்புரத்தில் ஒரு தோழர் அப்படியொரு பக்கத்தை நம்மிடம் காட்டி, "கிளி ஜோசியத்தை ஒரு நாளும் நம்பாத நானே இதை நம்ப வேண்டியதாயிருக்கிறது, என் மனதைத் திறந்து பார்த்தது போல் எழுதியிருக்கிறது" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. அன்றிரவே ஒரு தாளில் நாலு சங்கதிகள் எழுதினோம். "வெளியில் தைரியமாய்ப் பேசினாலும் தனியே இருக்கையில் உங்களுக்கே சந்தேகம் வருவதுண்டு. பிறருக்கு உதவப் போய் நஷ்டப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் யோக்கியதைக்குத் தக்க மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. கோபம் வரும், ஆனால் நிற்காது" என்பவைதான் அவை. மறுநாள் ஐந்து தோழர்களைத் தனித்தனியே அழைத்து, "உங்கள் பதிவுகளைப் பார்த்து எழுதியது" என்று சொல்லி அந்தத் தாளைக் கொடுத்தோம். நான்கு பேர், "அப்படியே சரி" என்றார்கள். ஐந்தாமவர், "இதை என் மனைவியிடம் கேட்டு எழுதினீர்களா?" என்றார்! பிறகு ஐவரையும் ஒன்றாய் உட்கார வைத்துத் தாள்களை மாற்றிப் படிக்கச் சொன்னோம். ஐந்தும் ஒரே தாள். பொய் சொல்லிக் கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம்.

இது நம் கண்டுபிடிப்பல்ல. 1948ல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற மனோதத்துவ ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, அதன் முடிவு என்று ஆளுக்கொரு குணவிவரம் கொடுத்தார். அது எவ்வளவு சரி என்று 5க்கு மார்க்குப் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ஆனால் அவர் கொடுத்தது எல்லோருக்கும் ஒரே தாள். அதிலும் பெரும்பாகம் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது! படித்த பிள்ளைகளின் கதியே இதுவென்றால், எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் கிளிக்காரனிடம் ஏமாறுவதை மட்டும் நாம் கேலி செய்வதில் என்ன நியாயம்?

கிளிக்கு என்ன தெரியும், தோழர்களே? நெல் தெரியும். மற்றதெல்லாம் கிளிக்காரனுக்குத்தான் தெரியும். உட்காருபவரின் வேட்டி, கையிலுள்ள காய்ப்பு, கூட வந்த பெண்ணின் முகவாட்டம் இவற்றைப் பார்த்துப் பேசுகிறான். செல்போன் ஜோசியமும் நீங்கள் கொடுத்ததையே கொஞ்சம் சர்க்கரை தடவி உங்களுக்கே திருப்பிக் கொடுக்கிறது.

"அப்படியானால் இதுவும் வெறும் புரட்டுத்தானே, சிரித்துவிட்டுப் போகலாமே" என்று கேட்பீர்கள். இங்கேதான் ஜாக்கிரதையாய் இருக்க வேண்டும். மளிகைக்கடைக்காரர் உங்கள் ஜாதகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் அவரிடமுள்ள கடன் நோட்டைப் புரட்டினால் உங்கள் வீட்டில் எத்தனை பேர், எந்த மாதம் பணமுடை, குழந்தை எப்போது பிறந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதில் மந்திரமில்லை, கணக்குத்தான் இருக்கிறது. அதுபோலவே 2013ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள் 58,000 பேரின் முகநூல் விருப்பக் குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவர் கறுப்பரா வெள்ளையரா என்பதை 100க்கு 95 பங்கும், இரண்டு பெரிய கட்சிகளில் எதைச் சேர்ந்தவர் என்பதை 85 பங்கும் சரியாய்ப் பிரித்துக் காட்டினார்கள்.

ஆகவே, விளையாடும் உங்களுக்குக் காட்டப்படுவது கிளியின் சீட்டு. கம்பெனிக்காரன் தன்னிடம் வைத்துக்கொள்வது கடைக்காரரின் நோட்டு. சீட்டுப் பொய்யாயிருக்கலாம். நோட்டுப் பொய்யல்ல.

இதற்கு அத்தாட்சி வேண்டுமா? முகநூலில் குணம் சொல்லும் ஒரு வினாவிடை விளையாட்டு நடந்தது. விளையாடியவர்கள் சுமார் 2,70,000 பேர்தான். ஆனால் அவர்களுடைய சிநேகிதர்களின் விவரங்களும் சேர்ந்து, 8 கோடியே 70 லட்சம் பேர் வரையில் உள்ளவர்களின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் தேர்தல் வியாபாரக் கம்பெனியிடம் போயிருக்கக் கூடும் என்று 2018ல் முகநூல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் அந்தச் செயலியை எடுத்தவர்கள் 335 பேர்; விவரம் போயிருக்கக் கூடியவர்களோ 5,62,455 பேர்! அதைக் கொண்டு எத்தனை ஓட்டை மாற்றினார்கள் என்பது வேறு விவாதம். தன் எதிர்காலத்தை அறியக் கிளியிடம் போகிறவன் தன் காசை மட்டும் இழக்கிறான். இந்த விளையாட்டில் ஒருவன் உட்கார, அவன் தெருவே பணம் கட்டியிருக்கிறது.

இதில் சுயமரியாதைக்காரர்களுக்கு என்ன என்றால், சொல்லுகிறோம். இந்த ஊர் வழியாய்ப் போகும் ரயில் பாதையிலேயே வடக்கிலுள்ள செங்கற்பட்டில், 1929 பிப்ரவரியில் முதல் மாகாண சுயமரியாதை மகாநாடு கூடி, பெயரின் பின்னால் ஜாதிப் பட்டம் போட்டுக்கொள்வதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. நம் பெரியவர்கள் அந்த வாலை வெட்டினார்கள். நாமோ ஜாதிச் சங்கத்துப் படத்துக்கு ஒரு விருப்பக் குறி, ஜாதித் தலைவர் பிறந்த நாளுக்கு ஒரு வாழ்த்து என்று, வெட்டிய வாலைச் செல்போனில் ஒட்டவைத்துக்கொள்கிறோம். பெயரைப் பார்த்து ஜாதி தெரியாதவன் பதிவைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். பெண் பார்க்க வருகிறவனும், வேலை கொடுக்கிறவனும், வாடகைக்கு வீடு விடுகிறவனும் அந்த வழியைக் கண்டுகொண்டால் நாம் என்ன செய்வது?

மனுதர்மம் பிறப்பைப் பார்த்துக் குணம் சொன்னது. ஜாதகம் பிறந்த நேரத்தைப் பார்த்துச் சொன்னது. இது பதிவைப் பார்த்துச் சொல்கிறது. மூன்றும், "நீ இப்படிப்பட்டவன், இப்படித்தான் இருப்பாய்" என்று மனிதனை ஒரு பெட்டியில் போட்டு மூடுகின்றன. மனிதன் மாறக்கூடியவன் என்பதில் நம்பிக்கை இல்லையென்றால், நாம் ஊர் ஊராய்ப் பிரசாரம் செய்வது எதற்காக? நேற்று விபூதி பூசிக்கொண்டு நம்மைக் கல்லால் அடித்தவர் இன்று இந்த மேடைக்கு விளக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவருடைய பழைய பதிவைப் பார்த்து எந்தச் செயலி இதைச் சொல்லியிருக்கும்?

2017ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் நமது அடிப்படை உரிமை என்று ஒருமனதாய்த் தீர்ப்புச் சொன்னார்கள். 2023ல் தனிமனித விவரங்களின் பாதுகாப்புக்கென்று சட்டமும் செய்யப்பட்டது. இருக்கட்டும். ஆனால் கதவை நாமே திறந்து வைத்துவிட்டுச் சட்டத்தைக் காவலுக்கு நிறுத்துவதால் பிரயோஜனமில்லை.

ஆகையால் தோழர்களே! விளையாட வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. விளையாடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சொல் எனக்கு மட்டும் பொருந்துமா, பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்துமா? இதற்காக நான் எதைத் திறந்து காட்டுகிறேன்? அந்த நோட்டு யார் பெட்டியில் இருக்கும்? பதில் தெரியாவிட்டால் செல்போனை மடியில் வைத்துவிட்டு, உங்களை அறிந்த ஒரு சிநேகிதரிடம், "என்னிடம் உள்ள குறை என்ன?" என்று கேளுங்கள். அவர் சொல்லுவது இனிப்பாயிராது. ஆனால் அதைக் கொண்டு நீங்கள் திருந்தலாம்.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் அந்தத் தாள் பரீட்சையை நீங்களே நாலு பேரிடம் செய்து பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள்.