விவிலியப் பெண்களும் நம் கற்பனையும்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மாதர் தினத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விவிலியத்தில் வரும் பெண்களைக் கதாநாயகிகளாக்கிப் பல நாவல்கள் வெளிவந்துள்ளன. "சாமி, இவற்றைப் படிக்கலாமா? பாவமாகாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு இன்று விடை காண முயல்வோம்.

வேதம் சொல்லாததைக் கற்பனை செய்வதே குற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிலுவைப் பாதையின் ஆறாம் தலத்தைப் பாருங்கள். ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்த வெரோணிக்கம்மாளை நான்கு நற்செய்திகளிலும் காண முடியாது. தேவதாயின் பெற்றோரான சுவக்கீன், அன்னம்மாள் ஆகியோரின் பெயர்களும் விவிலியத்தில் இல்லை. 2-ஆம் நூற்றாண்டில் எழுந்த, திருமுறையில் சேராத ஒரு நூலின் வழியாகவே அவை நமக்குக் கிடைத்தன. வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியபோது, ஸ்பெயின் நாட்டுக் கன்னியர் ஒருவர் தியானித்து எழுதிய தேவதாயின் வரலாற்றைத் துணையாகக் கொண்டார். புனித இஞ்ஞாசியாரோ, நாசரேத்து வீட்டையும் அதன் அறைகளையும் மனக்கண்ணால் கண்டு தியானிக்கும்படி தம் ஞானப் பயிற்சிகளில் கற்பிக்கிறார். ஆகவே, கற்பனை இறைவன் தந்த கொடை. அதைக் கொண்டு ஒரு பெண்ணை வாழவைக்கவும் முடியும், வீழ்த்தவும் முடியும். இதற்கு இரண்டு பெண்களே சாட்சி.

முதலாமவர் மதலேன் மரியாள். லூக்கா நற்செய்தி 8-ஆம் அதிகாரம் அவரைப்பற்றி என்ன சொல்கிறது? ஏழு பேய்கள் நீங்கிக் குணமடைந்தவர். தம் உடைமைகளைக் கொண்டு ஆண்டவருக்கும் சீடருக்கும் பணிவிடை செய்த பெண்களுள் ஒருவர். சிலுவையருகே நின்றார். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு, சீடர்களுக்கு அறிவித்தார் என்கிறார் யோவான். அவர் விலைமாது என்று எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை. 591-ஆம் ஆண்டு உரோமையில் நிகழ்த்திய மறையுரையில், பெரிய கிரகோரியார் என்னும் பாப்பரசர், லூக்கா 7-ஆம் அதிகாரத்தில் வரும் பெயரில்லாத பாவிப் பெண்ணையும், பெத்தானியா மரியாளையும், மதலேன் மரியாளையும் ஒருவராகவே கருதினார். பாவிகளுக்கு நம்பிக்கையூட்டுவதே அவர் நோக்கம். ஆயினும் ஓவியரும் கவிஞரும் அதைப் பிடித்துக்கொண்டனர். மேல்நாட்டில் அவர் விரிந்த கூந்தலும் கண்ணீருமாகவே நிலைத்துவிட்டார். கீழைத் திருச்சபைகளோ மூவரையும் தனித்தனியாகவே போற்றி வந்தன.

1969-ல் நம் திருவழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோது, ஜூலை 22 உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மரியாளுக்கு மட்டுமே உரியது என்று தெளிவாக்கப்பட்டது. 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாளை, அப்போஸ்தலருக்கு உள்ளது போன்ற விழாவாக உயர்த்தினார். ஒரு பெண்மீது விழுந்த தவறான பெயரைத் துடைக்க ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் ஆயின!

இரண்டாமவள் தீனா, யாக்கோபுக்கும் லேயாவுக்கும் பிறந்த மகள். தொடக்க நூல் 34-ஆம் அதிகாரத்தில் 31 வசனங்கள் உள்ளன. அந்நாட்டுப் பெண்களைக் காணச் சென்றவளைச் செக்கேம் பிடித்துச் சென்று கெடுத்தான். பிறகு அவன் தந்தை பெண் கேட்கிறான். அண்ணன்மார் சூழ்ச்சி செய்கின்றனர். சிமியோனும் லேவியும் நகரத்து ஆண்களையெல்லாம் வெட்டுகின்றனர். யாக்கோபு தன் குடும்பத்துக்கு வரப்போகும் ஆபத்தை எண்ணி வருந்துகிறார். எல்லாரும் பேசுகின்றனர். தீனா மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை! "உனக்கு என்னம்மா நேர்ந்தது?" என்று அவளைக் கேட்டவரும் இல்லை.

1997-ல் அனிட்டா டயமண்ட் என்னும் அமெரிக்க யூதப் பெண் எழுத்தாளர், 'சிவப்புக் கூடாரம்' என்னும் பொருளுடைய ஆங்கில நாவலில் தீனாவையே தன் கதையைச் சொல்ல வைத்தார். லேயாள், ராகேல் முதலியோர் கூடி வாழ்ந்த கூடாரம், பிள்ளைப்பேறு, மருத்துவச்சியின் பணி, தாயிடமிருந்து மகளுக்கு வரும் நினைவு — இவற்றை அந்நூல் நம் கண்முன் நிறுத்துகிறது. இது நன்மையே. ஆனால் அந்நாவலில் செக்கேமின் செயல் காதலாக மாறிவிடுகிறது. இங்கே நாம் நிதானிக்க வேண்டும். பலவந்தத்துக்கு ஆளான ஒரு பெண் அதைப் படித்தால் என்ன நினைப்பாள்? தீனாவுக்குக் குரல் கிடைத்தது. ஆனால் வேதம் மறைக்காமல் சொன்ன அவளது காயம் மறைந்துபோயிற்று.

ஆகவே, அன்பர்களே, படியுங்கள். ஆனால் விவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வேதம் அவளுக்குத் தந்த மாண்பை இக்கதை பறிக்கிறதா? அவள் பட்ட துன்பத்தை இக்கதை மூடுகிறதா? இரண்டுக்கும் இல்லை என்று விடை வந்தால், அக்கற்பனை செபத்துக்கும் துணையாகும்.

நாவலாசிரியர் மட்டுமா கதை கட்டுகிறார்? வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருமுனையில் ஒரு கதை தயாராகிவிடுகிறது. கணவனைப் பிரிந்து வந்தவளுக்குத் தண்ணீர்க் குழாயடியில் ஒரு கதை. மணமாகாதவளுக்குக் கோவில் வாசலிலேயே ஒரு கதை. அவளுக்கு அநீதி நேர்ந்துவிட்டால், குடும்ப மானம் பற்றி எல்லாரும் பேசுகிறோம், அவளைப் பேசவிடுவதில்லை. மதலேன் மரியாளுக்கு நேர்ந்ததும் தீனாவுக்கு நேர்ந்ததும் நம் தெருக்களில் இன்றும் நேர்கின்றன.

கல்லறைத் தோட்டத்தில் ஆண்டவர் அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் முதலில் கேள்வி கேட்டார்; பிறகு அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்; அதன்பின் தூது சொல்ல அனுப்பினார். இந்தப் பொன்விழா ஆண்டில் நாமும் அவ்வாறே செய்வோம். ஒரு பெண்ணைப்பற்றிப் பேசுமுன் அவளிடம் கேட்போம். அவள் சொல்வதைச் செவிமடுப்போம்.

அமல அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக! மரியே வாழ்க!