நகல் எடுக்க எந்திரம், சோதிக்க மனிதர்



கணினித் தரவுகளின் காப்பு நகலை எந்திரமே எடுக்கட்டுமா, மனிதர் கையால் எடுப்பதே நல்லதா? இதுதான் இன்றைய கேள்வி.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பதிவேட்டின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலைப் பெரட்டில் செக்ரோலில் பெயர் விடுபட்டால் அன்றைய உழைப்புக்குக் கணக்கில்லை. இன்று அதே கணக்கு கணினிக்குள் இருக்கிறது. சங்க உறுப்பினரின் பங்குத் தொகை, ஆலய நன்கொடை, தமிழ்ப்பள்ளி மாணவர் விவரம் எல்லாம் அதில்தான். பல இடங்களில் இருப்பதோ ஒரே கணினி, அதைக் கவனிக்க ஒரே ஆள். அவர் விடுப்பு எடுத்தால் நகலும் விடுப்பு எடுத்துவிடும். எனவே அன்றாட நகலை எந்திரத்திடம் விடுங்கள். அதற்கு மறதியில்லை, தீபாவளி விடுமுறையும் இல்லை.

ஆனால், எந்திரத்திடம் விட்டதோடு கடமை முடிந்ததா? 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் என்ற இணைய நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். பொறியாளர் ஒருவர் வேறொரு கணினி என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். தானாக நகல் எடுக்கும் நிரலைத் தேடினார்கள். அது முன்பே செயலிழந்து கிடந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன்பு, வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட 6 மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

கெடுத்ததும் மனிதக் கை, காத்ததும் மனிதக் கை. எந்திரமோ சத்தமில்லாமல் கைவிட்டது. ஆக, குறை இரண்டு பக்கமும் உண்டு. மீட்டுப் பார்க்காத நகல், நகலே அல்ல என்பதுதான் பாடம்.

நம் சங்கங்களும் ஆலயங்களும் செய்யக்கூடியது எளிது. மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வெளியூரில் இருக்கட்டும். 2006 டிசம்பர் வெள்ளம் ஜொகூரையும் மலாக்காவையும் தாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். கணினியும் நகலும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே மூழ்கும். ஒரு பிரதியைக் கணினியிலிருந்து கழற்றியே வையுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரல் அதைத் தொட முடியாது.

மாதம் ஒருமுறை, வேறொரு கணினியில் அந்த நகலைத் திறந்து பாருங்கள். பத்து உறுப்பினர்களின் கணக்கைச் சரிபாருங்கள். மீட்கும் முறையைத் தமிழிலோ மலாயிலோ தாளில் எழுதி, இரண்டு பேருக்காவது பழக்கிவிடுங்கள். செயலாளர் மாறினாலும் கணக்கு மாறக்கூடாது.

வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த காசு அது. அதற்குள்ள ஒரே சாட்சி இந்தப் பதிவுதான். அந்தச் சாட்சி பேசுமா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.