துவக்கேந்திய பாட்டிமார்



புறநானூற்றிலே ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயை நீங்கள் அறிவீர்கள். தன் வீட்டு ஆடவர் இருவரைப் போருக்குக் கொடுத்த பின்னும், ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்பியவள் அவள். அவள் வாயிலோடு நின்றாள். வாயிலைக் கடந்து தாமே படைக்குப் போன தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் நம் பாட்டிமாரின் தலைமுறையினர்.

1943 யூலையில் சிங்கப்பூருக்கு வந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்திலே பெண்களுக்கென ஒரு படையணி வேண்டும் என்றார். சென்னையிலே மருத்துவம் கற்றுச் சிங்கப்பூரிலே தொழில் செய்த டொக்டர் லக்ஷ்மி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு ஒக்டோபரிலே ஜான்சி ராணிப் படையணியின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தொகை சில நூறு என்பாரும், ஆயிரம் என்பாரும் உளர். அவர்களிற் பெரும்பாலோர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலே வளர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணைக் கண்ணாலும் காணாதவர் பலர்.

அவர்கள் ஏன் போனார்கள்? தேசப்பற்று ஒரு காரணம். ஆனால் அக்காலத் தோட்டத்து வாழ்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். யப்பானியர் ஆட்சியிலே அரிசி அரிதாயிற்று. சயாம்–பர்மா புகையிரதப் பாதை வேலைக்கு ஆண்கள் ஆயிரக்கணக்கிலே கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவேயில்லை. இந்நிலையிலே, "நீயும் ஒரு போர்வீராங்கனை" என்று ஒருவர் சொல்லும்போது அச்சொல் எத்தகைய வலிமை பெற்றிருக்கும்!

கோலாலம்பூரிலே வசதியான குடும்பத்திற் பிறந்த ஜானகி தேவர் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். படையிற் சேரத் தந்தையின் கையொப்பம் தேவைப்பட்டது. முதலிலே தயங்கிய தந்தை பின்னரே உடன்பட்டார். துவக்கெடுக்கப் போன பெண் முதலில் தன் வீட்டைத்தான் வெல்ல வேண்டியிருந்தது.

பயிற்சி பெற்றோரிற் பலர் பர்மா சென்றனர். முன்னணியிலே போரிட வாய்ப்புக் கிட்டவில்லை. மருத்துவமனைகளிலே காயம்பட்டோரைப் பராமரித்தனர். 1945 ஏப்ரலிலே ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானங்களுக்கு அஞ்சிப் பகலிலே ஒளிந்தும் இரவிலே நடந்தும் பாங்கொக் வந்து சேர்ந்தனர். அவ்வாண்டே படையணி கலைந்தது.

அதன் பின்னர்? லக்ஷ்மி 1947இலே பிரேம் சேகலை மணந்து கான்பூரிலே ஏழைகளின் மருத்துவராக வாழ்ந்து, 2012இலே மறைந்தார். ஜானகி 1946இலே மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவாகத் துணைநின்றார், 2014இலே மறைந்தார். மலாயாவிலே குடியேறிய இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராசம்மா பூபாலன் ஆசிரியராகி, பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்துக்காகப் போராடினார்.

இவர்களின் பெயர்களை வரலாறு வைத்திருக்கிறது. தோட்டத்துக்குத் திரும்பியவர்களின் பெயர்கள் எங்கே? நேற்று இராணுவச் சப்பாத்து அணிந்த கால்கள் மறுபடி பால் வெட்டப் போயின. மணமாகிப் பிள்ளைகளைப் பெற்று, பேரப்பிள்ளைகளுக்குச் சோறூட்டினார்கள். லக்ஷ்மி தம் நினைவுகளை நூலாக்கினார். எழுத்தறியாத பெண் எங்கே எழுதுவாள்? அவளுடைய வரலாறு அடுப்படியிலே சொல்லப்பட்ட கதையாய், பாதி கேட்டும் கேளாமலும் போயிற்று.

நாம் வீரத்தைப் பாடும்போது களத்தோடு பாட்டை முடித்துவிடுகிறோம். இரண்டு ஆண்டு படையிலே நின்றவள் ஐம்பது ஆண்டு குடும்பத்தைத் தாங்கினாளே, அந்த ஐம்பதையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவள் முழுமையாகத் தெரியமாட்டாள். பசித்த பிள்ளைகளுக்கு அரிசியைப் பகிர்ந்த கையும் துவக்கைப் பிடித்த கையும் ஒன்றுதான்.

அத்தலைமுறை இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது பேரப்பிள்ளைகளின் நினைவு மட்டுமே. போரை அறிந்த நாட்டவராகிய நமக்கும் இதிலே பாடமுண்டு. உங்கள் வீட்டிலே அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால், அருகே அமர்ந்து கேளுங்கள். ஊரும் ஆண்டும் பெயரும் பிழையாமல், அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். நாளை எழுதப்போகும் இலக்கியத்துக்கு அதுவே விதைநெல்.