அப்டேட்டுக்குப் பின் பழுதா? யாரிடம் சொல்வது?

இரவு படுக்கும்வரை நன்றாக ஓடிய வங்கிச் செயலி, காலையில் திறந்த உடனே மூடிக்கொள்கிறது. இராத்திரியில் அப்டேட் ஒன்று தானாக இறங்கியிருக்கும். ஜொகூரின் சாஆவிலும் லாபிஸிலும் நாம் முதலில் செய்வது, "உங்களுக்கும் இப்படியா?" என்று குடும்பப் புலனக் குழுவில் கேட்பது. நாலு பேர் ஆமாம் என்பார்கள். செயலியைச் செய்தவர் காதுக்கு மட்டும் விஷயம் போகாது.

2024 ஜூலை 19-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான கோப்பு ஒன்று, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் மலேசியாவின் கேடிஎம் இரயில் டிக்கெட் முறையும் தடுமாறியது. அவ்வளவு பெரிய பழுது தானாகவே வெளியே தெரிந்துவிடும். சின்னப் பழுதுதான் கண்ணில் படாமல் போகும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், சிலருடைய படங்களையும் ஆவணங்களையும் அழித்துவிட்டது. முன்கூட்டிச் சோதித்தவர்களில் சிலர் மைக்ரோசாஃப்டின் 'ஃபீட்பேக் ஹப்'பில் அதை ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். ஆதரவு வாக்கு குறைவாக இருந்ததால் அது அடியிலேயே கிடந்தது. வெளியிட்ட சில நாளிலேயே அப்டேட்டை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. உங்கள் குறையை வேறொருவர் முன்பே எழுதியிருந்தால், அங்கே போய் உங்கள் வாக்கையும் போடுங்கள். அது வீண்போகாது.

பிளே ஸ்டோரில் பழுதான செயலியின் பக்கத்தைத் திறந்து கீழே தள்ளினால், செய்தவருடைய மின்னஞ்சல் இருக்கும். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கைப்பேசி மாடல், செயலியின் பதிப்பு எண், எதை அழுத்தியபோது என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கு எண் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். வங்கிச் செயலி என்றால் முதலில் வங்கியிடம் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவை 1-300-88-5465 எண்ணில் அழையுங்கள். மோசடியில் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள்.

இன்னொன்று, நம்மைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத வேலை: தமிழ் எழுத்து உடைந்தால் சொல்வது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்து ஐபோன் செயலிகளை முடக்கியது. ஆப்பிள் அதே மாதம் ஐஓஎஸ் 11.2.6 வெளியிட்டுச் சரிசெய்தது. அப்டேட்டுக்குப் பிறகு 'கொ'வில் கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து நின்றாலும், தமிழ் படிக்கத் தெரியாத பொறியாளர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். உடைந்த எழுத்தின் படத்தோடு, சரியான வடிவத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.