உடலுக்கேற்ற உடை

உடையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், பாடசாலை அதிபர் ஒருவருக்கு இப்பொருளில் என்ன அதிகாரம் உண்டு என்று வீட்டிலுள்ளோர் நகைத்தனர். அதிகாரம் இல்லாமலில்லை. நாள்தோறும் காலையிற் பாடசாலை வாயிலில் நிற்பவள் நான். நூற்றுக்கணக்கான வெள்ளைச் சட்டைகள் என்னைக் கடந்து செல்கின்றன. எது பொருந்தியது, எது தமக்கையினது, எது அடுத்த ஆண்டையும் எண்ணிப் பெரிதாகத் தைக்கப்பட்டது என்பன ஒரே பார்வையிற் புலப்பட்டுவிடும். சட்டை இறுகிய பிள்ளை புத்தகப் பையை மார்போடு அணைத்துத் தோளைக் குறுக்கி நடப்பாள். நிமிர்ந்து நட என்று அவளை அதட்டுவதாற் பயனில்லை. பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுக் கொடுத்தால் அவள் தானே நிமிர்வாள்.

1993ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கம் மாணவர்க்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகின்றது. துணி அளவோடு கிடைக்கும். பிள்ளைகளோ அளவோடு வளர்வதில்லை. ஆதலின் தாய்மார் தையற்காரரிடம் ஒன்றை வற்புறுத்தல் வேண்டும். பக்கத் தையலின் உட்புறத்தில் ஓரங்குலமும், கீழ் மடிப்பில் மூன்று அங்குலமும் மிச்சம் விடச் சொல்லுங்கள். பின்னர் அச்சட்டை சிறுத்துப்போகும் நாளில் நாவை அடக்கிக்கொள்ளுங்கள். ‘நீ பெருத்துவிட்டாய்’ என்பதற்கும் ‘சட்டை சிறுத்துவிட்டது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மிகப் பெரிது. முன்னதைக் கேட்ட பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதை நிறுத்திவிடுவதைப் பன்முறை கண்டிருக்கிறேன்.

இனி வளர்ந்தோர் உடைக்கு வருவோம். மேலைநாட்டு உடைநூல்கள் பெண்ணுடலைப் பேரிக்காய், ஆப்பிள் என்று கனிகளின் பெயரால் வகுக்கின்றன. சந்தைக்குப் போகும் கூடையில் நம்மை அடுக்குவது போன்ற இவ்வகுப்பில் எனக்கு விருப்பமில்லை. குறுக்குக்கோடு பருமனாக்கும், நெடுங்கோடு மெலிவாக்கும் என்று அந்நூல்கள் கூறும் விதியும் அத்துணை உறுதியானதன்று. சதுரம் ஒன்றைக் குறுக்குக்கோடுகளால் நிரப்பினால் அது உயர்ந்தும் ஒடுங்கியும் தோன்றும் என்பதைச் செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். 2011இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், உடைக்கும் அது பொருந்தும், குறுக்குக்கோடு ஒருவரைப் பருமனாகக் காட்டாது என்று கண்டனர். 2013இல் யப்பானிய ஆய்வாளர் சிலர், அத்தோற்றம் மெலிந்த உருவத்திலே தெளிவாக நிகழ்கிறது, பருத்த உருவத்தில் அவ்வாறில்லை என்றனர். ஆகவே கோட்டை நம்பிக் காசைச் செலவிடாதீர்கள். தையலை நம்புங்கள்.

நம்மவருக்கு வேண்டியது சேலையைப் பற்றிய அறிவு. சேலை ஏறக்குறைய 5½ மீற்றர் நீளமும் 45 அங்குல அகலமும் உடையது. 4 அடி 10 அங்குல உயரமுள்ளவருக்கும் 5 அடி 8 அங்குல உயரமுள்ளவருக்கும் அவ்வகலம் ஒன்றே. குள்ளமானவர் ஏழெட்டு அங்குலத் துணியை இடுப்பிலே செருக நேரிடுகிறது. கொய்யகம் வைக்குமிடத்தில் அது பன்மடங்காகிறது. தம் இடை பெரிதென்று வருந்துவோர் பலர் உண்மையிற் சுமப்பது இந்தத் துணி மூட்டையைத்தான். அவர்கள் மெல்லிய துணியைத் தெரிந்து, இடுப்பிற் சுருக்கம் வையாமல் வெட்டித் தைத்த உட்பாவாடை அணிந்து, கொய்யகத்தைக் குறைத்து, மிஞ்சிய நீளத்தைத் தலைப்புக்கு விடுதல் நன்று. கரை இரண்டங்குலத்துக்கு மேற்படாதிருக்கட்டும். அகன்ற கரை உயரத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும். நெடியவருக்கு அக்கரையே அழகு. மருதமுனைக் கைத்தறிச் சேலை போன்ற பருத்தித் துணி கஞ்சியிட்டால் உடலைவிட்டு விலகி நிற்கும். மெலிந்தவருக்கு அது நிறைவு தரும். பருத்தவர் கஞ்சியைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்காக உடலில் ஒட்டும் துணிக்குப் போய்விடலாகாது. அது மறைக்க வேண்டியதையெல்லாம் எடுத்துரைக்கும்.

சேலையைவிட இரவிக்கையே முதன்மையானது என்பது என் துணிபு. தோள் தையல் தோளெலும்பின் முனையில் நிற்க வேண்டும். கையின் விளிம்பு மேற்கையின் மிகப் பருத்த இடத்தில் முடியலாகாது. கண் அங்கேயே தங்கும். முழங்கைக்குச் சற்று மேலே முடித்தல் பெரும்பாலோர்க்குப் பொருந்தும். அக்குள் வெட்டுத் தாழ்ந்திருந்தால், கையை உயர்த்துந்தோறும் இரவிக்கை முழுவதும் மேலேறும். கரும்பலகையில் எழுதும் ஆசிரியைக்கு இஃது எத்துணைத் தொல்லை என்பதைத் தையற்காரர் அறியார். நாம்தான் சொல்ல வேண்டும். அளவு கொடுக்கும்போது கையை உயர்த்திக் காட்டுங்கள்.

ஆண்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொந்திக்குக் கீழே காற்சட்டையை இறக்கிக் கட்டுவதால் தொந்தி குறைவதில்லை. அது முன்னிலும் முனைப்பாகத் தெரிகிறது. இவ்வகையில் வேட்டி பெருந்தன்மை உடையது.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் துணி விலை ஏறியபோது, ஆசிரியைகள் சேலைக்குப் பதிலாக வேறு தகுந்த உடை அணியலாமா என்னும் வாதம் நாடெங்கும் எழுந்தது. முதற் சம்பளத்தின் பெரும்பகுதியைச் சேலைக்கே செலவிட்ட இளம் ஆசிரியைகளை நான் அறிவேன். அவர்கட்கு நான் கூறுவது இதுவே: பாடசாலை நாள் வாரத்திற்கு 5; நன்கு பொருந்தும் சேலை 6 போதும். நான்கு சேலைகளுக்கு இசையும் நிறத்தில், சரியாகத் தைத்த இரவிக்கைகள் இரண்டு இருந்தால் இன்னும் சிக்கனம். பிள்ளைகள் நம் சேலையைக் கவனிப்பார்கள்தாம். ஆயினும் ஒரே சேலை திரும்ப வந்ததென்று எந்தப் பிள்ளையும் கணக்கை மறந்ததில்லை.

எஞ்சியவை அலுமாரியில் ஏன் கிடக்கின்றன? இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. துவைத்து மடித்த உடுப்பை எப்போதும் அடுக்கின் மேலே வையுங்கள். ஒரு பொங்கலிலிருந்து மறு பொங்கல் வரை இவ்வாறு செய்தால், உடுக்காதவை தாமே அடியிற் சென்று தங்கும். அவற்றுட் பெரும்பாலானவை ‘மெலிந்தபின் உடுக்கலாம்’ என்று வைத்தவை. நாள்தோறும் அலுமாரியைத் திறக்கும்போது நம்மைக் குறைகூறும் உடுப்பு நமக்கு எதற்கு? தையல் பிரித்துப் பெரிதாக்கக் கூடியதைப் பெரிதாக்குங்கள். ஏனையவற்றைத் துவைத்து, பொத்தான் தைத்து, உடுக்கக் கூடியவருக்குக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுப்பது கொடையன்று. அது குப்பையை இன்னொருவர் வாயிலில் வைத்தலாகும்.

ஆனால் எல்லாவற்றையும் இவ்வளவு எளிதாகக் கழித்துவிட முடியாது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, கையிற் கிடைத்த இரண்டொரு சேலையுடன் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். கூறைச்சேலையை வீட்டிலேயே விட்டுவந்து, பின்னர் அதைக் காணாதவர்களும் உளர். அவர்கள் பழந்துணி ஒன்றையும் எறிய மனம் வராமல் அடுக்கி வைப்பதைப் பிள்ளைகள் பரிகசிப்பது எனக்கு உவப்பில்லை. அத்தகைய வீட்டில் எதையும் எறியச் சொல்லாதீர்கள். அம்மாவுக்கென்று தனிப்பெட்டி ஒன்று கொடுங்கள். அன்றாட உடுப்பு அலுமாரியில் இருக்கட்டும். மற்றவை அவர் பெட்டியில், அவர் திறப்பின் கீழ் இருக்கட்டும்.

அப்பெட்டியில் வைக்கும் பருத்திச் சேலையில் கஞ்சி இருக்கலாகாது. பூச்சிகள் தேடி வருவது கஞ்சியைத்தான். பட்டைத் தூய வெள்ளைத் துணியிற் சுற்றி, மூன்று மாதத்துக்கொருமுறை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். மடிப்பு மாறாத பட்டு அம்மடிப்பிலேயே இற்றுப்போகும். பூச்சியுருண்டை சரிகையைத் தொடலாகாது. இவ்வேலையை மாரி தொடங்குமுன் முடித்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றிற் பட்டு உலராது.